ஊர் மெச்சிய மகள்

வாப்பா பகல் சோறு தின்று கண்ணயர்ந்த பிறகுதான் றிப்னாவுக்குப் போனைக் கையில் எடுக்க நேரம் வரும். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை அந்த நேரம் அவளுடையது. கட்டிலின் காலடியில் கதிரையை இழுத்துப் போட்டு, போனின் சத்தத்தை அடைத்துவிட்டு, 'இன்டைக்குக் கண்ட நல்லவங்க' என்ற முகநூல் குழுமத்தைத் திறப்பாள்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து ஆட்களும் அங்கிருந்து வெளிநாடு போனவர்களும் கூடிக் கதைக்கிற இடம் அது. அன்றாடம் கண்ட நல்ல மனிதர் ஒருவரைப் பற்றி எழுதவேண்டும், பொல்லாப்பு பேசக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். பாலாவிச் சந்தியில் செருப்பறுந்து நின்ற பெண்ணுக்காக பஸ்ஸை நிறுத்திவைத்த கண்டக்டர், ஆலங்குடாவில் யாரோ வெள்ளைக்காரன் மறந்துபோன பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்க அலைந்த மீன்காரர், வயதானவரைத் தன் கதிரையில் இருத்திவிட்டு நின்றபடியே அவருடைய வேலையை முடித்துக்கொடுத்த அரசாங்கக் கந்தோர்ப் பெண் என்று நாளுக்கு நாலு கதையாவது வரும். கீழே ஆட்கள் ஒருவருக்கொருவர் சுகம் விசாரிப்பார்கள். காய்ச்சலில் கிடந்தவர் எழும்பி வந்தால், வீட்டு வாசலில் கண்டதுபோல விழுந்தடித்து வரவேற்பார்கள். மாம்புரியைச் சேர்ந்த அல்பொன்சா டீச்சர்தான் அதை நடத்தி வந்தார்.

றிப்னாவுக்கு அங்கே பெயர் 'உப்புக்காத்து'. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வீட்டுப் படியைத் தாண்டாதவள் யாரைக் கண்டு எழுதுவது? ஆனாலும் ஜன்னலால் கண்டதை எழுதினாள். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சூன் பாண் விற்கிற த்ரீவீல்காரரிடம், அந்தப் பாட்டுக்கு வாப்பா திடுக்கிட்டு முழிக்கிறார் என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வளைவுக்கு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, அவர்கள் வேலியைக் கடந்த பிறகுதான் மறுபடி போட்டார். அவள் அதை எழுதியபோது குழுமமே கொண்டாடியது. "உப்புக்காத்து, நீங்க எழுதினாத்தான் எங்களுக்கு நாள் விடியுது" என்று கட்டாரிலிருந்து ஒருவர் எழுதினார். றிப்னா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். வாப்பாவின் மகள் என்பதற்காக இல்லாமல் அவளுக்கென்று வந்த ஒரு நல்ல சொல் அது.

மற்ற நேரமெல்லாம் அவள் வாப்பாவின் மகள்தான். மதுரங்குளிச் சந்தியில் தேங்காய் வியாபாரம் செய்த நளீம் முதலாளியைத் தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த கையோடு அவருக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் செத்துப்போனது. நாக்கும் குழறியது. 'றிப்னா' என்று சொல்ல வராமல் 'இன்னா' என்பார். அந்த 'இன்னா' காலையிலிருந்து படுக்கும்வரை வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு மூத்தவர் நானா முபாரிஸ், விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து அவரைத் தூக்கிக் கழுவித் தருவார். அதோடு சந்தியில் கூரை ஓடு விற்கும் தன் கடைக்குப் போய்விடுவார். நானாவின் வீடு அடுத்த வளவுதான். மதினி ஃபாஹிமாவுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். வாப்பாவோ றிப்னாவின் கையால் அல்லாமல் ஒரு வாய் சோறும் தின்னமாட்டார்.

வாப்பா விழுவதற்கு முன் றிப்னா புத்தளத்தில் ஒரு கண்ணாடிக்கடையில் கொஞ்சக் காலம் வேலை செய்தாள். அங்கே பார்வை சோதிக்கப் பழகினாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் முன்னால் இருப்பவரின் முகம் சட்டென்று மலரும். "ஆ, இப்ப வெளங்குது" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்க அவளுக்கு அலுப்பதே இல்லை. அந்தக் கடைக்காரர் றவூப் ஒரு காலையில் அவளுக்குப் போன் எடுத்தார்.

"றிப்னா, கடையில இருந்த பிள்ளை கலியாணம் முடிச்சிப் போகுது. ஒனக்குக் காலத்தால மட்டும் வர ஏலுமா? பகல் லுஹர் முடிய வீட்ட போயிரலாம். புதுசா ஆள் எடுத்துப் பழக்க எனக்குத் தெம்பில்ல."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் நானாவும் மதினியும் வந்திருந்தபோது றிப்னா கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அதுதான். காலையில் வாப்பாவுக்குச் சாப்பாடு தீத்திவிட்டுப் போவேன், பகல் சோற்றுக்கு வந்துவிடுவேன், இடையில் ஆள் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும் என்றாள்.

நானா தாடியைத் தடவினார். "பாப்பம்" என்றார்.

ஃபாஹிமா மடியில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பகல் றிப்னா வழக்கம்போலக் குழுமத்தைத் திறந்தாள். முதலில் தெரிந்தது அவளுடைய முகம்.

வாப்பாவுக்கு அவள் கஞ்சி பருக்குகிற படம். கதவோரத்தில் நின்று யாரோ எடுத்திருந்தார்கள். அவள் குனிந்திருந்தாள்; முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது; வாப்பாவின் கடைவாயால் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. கீழே ஃபாஹிமா எழுதியிருந்தாள்: 'நான் தினமும் காணுற நல்லவ என்ட மச்சி றிப்னா. கலியாணம், வேலை எதையும் நினைக்காம வாப்பாவே கதியெண்டு இருக்குற பிள்ளை. இண்டைவரைக்கும் தனக்கெண்டு ஒண்டையும் கேட்டதில்ல.'

நேற்றுத்தானே கேட்டாள்!

றிப்னா அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டாள். கோபம் வருவதற்கு முன் அவளுக்குக் கூச்சம்தான் வந்தது, ஆட்கள் நிறைந்த இடத்தில் யாரோ உடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல. கீழே சொற்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மாஷா அல்லாஹ். சுவர்க்கத்துப் பிள்ளை. இந்தக் காலத்துல இப்பிடியும் ஒருத்தி. எங்கட பிள்ளைகளுக்கும் இதக் காட்டவேணும். எல்லாம் அவளுக்குப் பழக்கமான பெயர்கள், அவள் சுகம் விசாரித்த ஆட்கள். நடுவில் கட்டார்க்காரர் கேட்டிருந்தார்: 'உப்புக்காத்து எங்க? முதல் ஆளா வாறவங்களே! வந்து இந்தத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை செல்லுங்க.'

அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. "இன்னா" என்றார் வாப்பா.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தூரத்துச் சொந்தக்காரிகள், பள்ளிவாசல் பக்கத்துப் பெண்கள், மதுரங்குளியிலிருந்து இரண்டு டீச்சர்மார். வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "ஒனக்கு அல்லாஹ் கூலி தருவான் மகள்" என்றார்கள். ஒருத்தி போகும்போது கதவடியில் நின்று, "இவ இல்லாட்டி இந்த மனிசன் ஒருநாள் தாங்குவாரா?" என்று ஃபாஹிமாவிடம் சொன்னது றிப்னாவின் காதில் விழுந்தது. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஒருவர் வாயிலும் பொல்லாத சொல் இல்லை. எதைப் பிடித்துத் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கெட்ட சொல் சொன்னால் எதிர்த்துச் சொல்லலாம், மெச்சுகிறவர்களிடம் என்ன சண்டை பிடிப்பது?

றவூப் மறுபடி எடுத்தபோது நானாவிடம் போனில் கேட்டாள்.

"இப்ப எப்பிடி றிப்னா?" என்றார் முபாரிஸ். "ஊரே பாக்குது. நேத்து ஒன்னப் புகழ்ந்தவன் நாளைக்கு ஒன்ன பஸ்ஸுல கண்டா என்ன செல்லுவான்? என்னயத்தான் கேப்பான்."

அன்று பகல் அவள் உப்புக்காத்தாக எழுதினாள். பல தடவை எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'அந்தப் பிள்ளையிட்ட யாராவது கேட்டீங்களா, அவக்கு என்ன விருப்பமெண்டு?'

கொஞ்ச நேரத்தில் ஒருவர், 'இப்பிடிக் கேக்கலாமா? இது நல்லதப் பேசுற இடம்' என்றார். இன்னொருவர், 'உங்களுக்கும் பொறாமை வருமெண்டு நினைக்கல்ல' என்றார். நாள் விடியுது என்று எழுதிய கட்டார்க்காரர் வெறும் ஒரு அழுகை முகத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். றிப்னா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வரி காணாமல் போனது. டீச்சர் அழித்துவிட்டார்.

அவள் போனை மெத்தைக்கு அடியில் சொருகினாள். இனி அதையும் திறக்கக்கூடாது என்று நினைத்தாள்.

அடுத்த நாள் டீச்சரிடமிருந்து தனியாகச் செய்தி வந்திருந்தது. 'உப்புக்காத்து, நீங்க மனம் நோக எழுதுற ஆளில்லை. சண்டை வந்துவிடும் என்று பயந்து அழித்துவிட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி மனதில் கிடந்தது. ஏன் அப்படிக் கேட்டீங்க?'

றிப்னா வாப்பாவைப் பார்த்தாள். வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். 'அந்தப் பிள்ளை நான்தான் டீச்சர்' என்று அனுப்பினாள்.

பதிலுக்கு டீச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள். கனத்த, கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல்.

"பிள்ளை, அப்ப நாங்க என்ன செய்திருக்க வேணும்? சொல்லு."

"கேட்டிருக்கலாம் டீச்சர்."

"ஓம்," என்றார் அல்பொன்சா. "கேட்டிருக்கலாம்."

பிறகு அவர் கேட்கக் கேட்க றிப்னா எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக்கடையைச் சொன்னாள். சில நாள் வாப்பா "இன்னா" என்று கூப்பிடும்போது காது கேட்காதவள்போலக் கிணற்றடியில் நின்றுவிடுவதையும் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் படத்தை எடுத்துவிடுறன். கிட்டடியில வந்து உன்னைப் பார்க்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

படம் போனது. ஃபாஹிமாவுக்குக் கோபம். நானாவுக்கு அதைவிடப் பெரிய யோசனை ஒன்று இருந்தது. மதுரங்குளியில் ஒரு சமூக சேவைச் சங்கம் றிப்னாவுக்கு விருது கொடுக்கப்போகிறதாம். மண்டபம் பேசியாகிவிட்டது. பொன்னாடை போர்த்துவார்கள்.

"பின்னேரம் முழுக்க நடக்கும். நீ புது அபாயா ஒண்டு உடுத்திட்டு வா" என்றார் முபாரிஸ். முகமெல்லாம் சிரிப்பு.

"வாப்பாவ ஆரு பாக்குற?" என்று கேட்டாள் றிப்னா.

"ஃபாஹிமா பாத்துக்குவா. அதுக்கென்ன?"

"தின்ன மாட்டாரே, நானா."

"ஒரு நேரம் பிந்தித் திண்டா ஒண்டும் ஆகாது."

றிப்னா ஃபாஹிமாவைப் பார்த்தாள். "அப்ப மதினிக்கு ஏலும்," என்றாள் மெதுவாக. "விருதுக்கு ஏலும். வேலைக்குத்தான் ஏலாது."

நானாவின் சிரிப்பு நின்றது. "அது ஒரு நாளைக்கு, றிப்னா. இது தினமும்."

"எனக்கும் தினமும்தான் நானா."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஃபாஹிமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். "நான் ஒன்னக் கெடுக்கவா எழுதின? நீ போறெண்டு சென்ன ஒடன எனக்குப் பயம் வந்திட்டு. மூணு பிள்ளையோட அவரையும் என்னால பாக்க ஏலா. அத நேர செல்ல எனக்கு வாயில்ல. அதுதான் புகழ்ந்து எழுதின." சொல்லிவிட்டு அழுதுகொண்டே தன் வளவுக்குப் போய்விட்டாள். முபாரிஸ் அவள் பின்னால் போனார். அன்று அவர்கள் வீட்டிலிருந்து வழக்கமாக வருகிற கறி வரவில்லை.

அல்பொன்சா டீச்சர் மாம்புரியிலிருந்து பாலாவிக்கு ஒரு பஸ், பாலாவியிலிருந்து மதுரங்குளிக்கு ஒரு பஸ் என்று மாறி, த்ரீவீலில் வந்து இறங்கினார். பருத்த உடம்பு, முழங்காலில் துணி சுற்றியிருந்தது. றிப்னா தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போனபோது அவர் வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார்.

"முதலாளி, உங்கட தேங்காயை எங்கட ஐயா வாங்கி விற்றவர்" என்று அவர் சொல்வது கேட்டது. வாப்பா ஏதோ குழறினார். டீச்சர் விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது டீச்சர் விசயத்துக்கு வந்தார். "பெயர் சொல்லாமல் குழுமத்தில கேட்டன், மதுரங்குளிப் பக்கத்தில காலையில ஒரு வயதானவரோட இருக்க ஆள் இருக்கா எண்டு. கிளைட்டன் எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில அட்டெண்டனா இருந்து பென்சன் எடுத்தவர். வீட்டில சும்மா இருக்க ஏலாதாம். நானே போய்ப் பார்த்தன். நல்ல மனிசன். முடிவு உன்டது. வேண்டாம் எண்டாலும் நான் கோவிக்க மாட்டன்."

முடிவு உன்னுடையது என்று யாரும் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. றிப்னா வாப்பாவின் அருகில் போய்க் குந்தினாள். "வாப்பா, நான் காலத்தால வேலைக்குப் போகட்டா? பகல் சோத்துக்கு வந்திருவன்."

வாப்பா அவளைப் பார்த்தார். எல்லாம் விளங்குகிற பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலையாட்டவில்லை. அவள் காத்திருந்தாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அவர் சம்மதிப்பார் என்று காத்திருந்தால் ஆயுள் முழுக்கக் காத்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வரச் செல்லுங்க டீச்சர்" என்றாள்.

நானாவிடம் அவளே சொன்னாள். விருதும் வேண்டாம் என்றாள். அவர் ஊர்க் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். வெளி ஆள், வேறு சாதிசனம், முதலாளி வீட்டுக்குள்ளேயா என்றார். அவள் எதற்கும் வாதாடாமல், திங்கட்கிழமை போகிறேன் என்பதை மட்டும் திரும்பச் சொன்னாள். கடைசியில் அவர், "ஒன்ட இஷ்டம். என்னமும் நடந்தா நீதான் பதில் செல்லணும்" என்று எழும்பிப் போனார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறும்போதெல்லாம் தலையைக் குனிந்தாள். கடையில் ஒரு லென்ஸைக் கீழே போட்டாள். றவூப் குனிந்து எடுத்துக் கொடுத்தார். லுஹருக்குப் பிறகு பஸ்ஸால் இறங்கி, வெயிலில் பாதி ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

கிளைட்டன் கட்டிலடியில் இருந்தார். மெலிந்த மனிதர், நரைத்த மீசை. கையில் குழைத்த சோறு ஆறிப்போயிருந்தது. வாப்பாவின் வாய் இறுக மூடியிருந்தது.

"தண்ணி கொஞ்சம் குடிச்சார் தங்கச்சி. இடையில தேத்தண்ணி வேணாமாம். சோறும் வேணாமாம்" என்றார் அவர். "முதலாளிக்கு என்னோட கோவம்."

ஃபாஹிமா கதவடியில் நின்றாள். அன்றைய அழுகைக்குப் பிறகு இப்போதுதான் இந்தப் படியை மிதிக்கிறாள். பார்த்தாயா என்று கேட்டது அவளுடைய பார்வை.

றிப்னா கை கழுவிவிட்டு வந்து ஒரு கரண்டி சோற்றை நீட்டினாள். வாப்பா ஆவலோடு வாங்கினார். பசி அவருடைய கண்ணிலேயே தெரிந்தது. தின்று முடியும்போது அவள் சொன்னாள்: "நாளைக்கும் போவன் வாப்பா."

அவர் கரண்டியைப் பல்லால் கவ்வினார். அவள் இழுத்தாள், அவர் விடவில்லை. அந்த ஒரு பக்கத்து வாயில் இன்னும் அவ்வளவு பலம் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். அவருடைய கண்ணால் தண்ணீர் வழிந்தது, அவளுடைய கண்ணாலும். பிறகு அவள் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு எழும்பி, வேறு கரண்டி எடுத்துவந்து, அவர் வாயைத் திறந்ததும் தண்ணீர் பருக்கினாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். வாப்பா கிளைட்டன் கையால் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கினார், பிறகு வாழைப்பழம். சோறு மட்டும் இன்றுவரைக்கும் இல்லை. அவள் வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பார். அங்கே கடையில் றிப்னாவுக்கும் சோறு இறங்காது. கொண்டுபோன பார்சலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். றவூப் முழுநாளும் வரச் சொல்கிறார். இப்போதைக்கு ஏலாது என்று சொல்லியிருக்கிறாள். காலையில் பஸ்ஸில் ஏறும்போது நெஞ்சில் ஒரு கயிறு கட்டி இழுப்பதுபோல இருக்கும். ஆனால் கடைக்குள் யாராவது "ஆ, இப்ப வெளங்குது" என்று சொல்லும்போது அந்தக் கயிறு கொஞ்சம் தளரும். வீட்டுக்கு ஓடிவரும்போது மறுபடி இறுகும்.

குழுமத்தில் உப்புக்காத்து மறுபடி எழுதுகிறாள். முன்போலச் சுறுசுறுப்பாக இல்லை. டீச்சர் இப்போது படம் போடுபவர்களிடம், 'அவரைக் கேட்டீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறார். அதில் கோபித்துக்கொண்டு சிலர் விலகிப் போனார்கள். கட்டார்க்காரர் இன்னும் இருக்கிறார். அவளோடு பட்டும் படாமலும் கதைக்கிறார்.

ஒரு நாள் பஸ் பிந்தி, றிப்னா வியர்த்து ஒழுகி வந்து சேர்ந்தபோது வாப்பாவின் சோறு கஞ்சிப் பதத்தில் குழைத்துச் சூடாக மேசையில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு கோப்பையில் அவளுக்கும் சோறு, மீன் ஆணம், பொரித்த கத்தரிக்காய். ஃபாஹிமா தலைவாசலில் தன் கடைக்குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"மதினி, இது நீங்களா?"

"சூடு ஆறினா ரெண்டு பேருக்கும் இறங்காது" என்றாள் ஃபாஹிமா, திரும்பிப் பார்க்காமல்.

றிப்னா கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஒங்களப் பத்திக் குரூப்புல எழுதட்டா?"

"ஐயோ, வாணாம்!" ஃபாஹிமா பதறித் திரும்பினாள். "எழுதினா நாளைக்கும் செய்யவேண்டி வரும்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிவதற்குள் உள்ளேயிருந்து "இன்னா" என்று குரல் வந்தது. றிப்னா இரண்டு கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.